அத்தியாயம் 3: முதல் கேமரா - டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

இந்த அத்தியாயத்தின் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புதிதாக வாங்குவதென்றால் மிரர்லெஸ் வாங்குங்கள். பணம் குறைவு, ஆனால் படமெடுக்கக் கற்றே தீருவது என்றால் நல்ல நிலையில் உள்ள டிஎஸ்எல்ஆர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். ஷோரூமில் பெட்டி பிரிக்காமல் இருக்கும் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரை முழு விலை கொடுத்து வாங்குவதை மட்டும் தவிருங்கள். இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. அவையும் கீழே வருகின்றன.

குரோம்பேட்டையில் இருந்துகொண்டு முதல் கேமரா வாங்குபவர் எதையெல்லாம் எடுப்பார் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். வீட்டுக் குழந்தை, மாடித் தோட்டம், சொந்தக்காரர் கல்யாணம், கல்லூரிக் கலைவிழா, ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கரணைப் பறவைகள், அம்மாவின் சமையல் சேனல். இவற்றில் உங்களுக்கு எது முதலில் வரும் என்பதைத் தீர்மானித்துக்கொண்டு மேலே படியுங்கள். கேமராவைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சருக்கும் நடுவே ஒரு கண்ணாடி 45 டிகிரி சாய்ந்து நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. ஷட்டரை அழுத்தியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், ஒளி சென்சரில் விழும், படம் பதிவாகும். 'டக்' என்று கேட்பதில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடியின் சத்தம். மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது. ஒளி நேராகச் சென்சரில் விழுகிறது. சென்சர் பார்ப்பதைத்தான் பின்பக்கத் திரையிலோ உள்ளே இருக்கும் குட்டித் திரையிலோ நீங்கள் பார்க்கிறீர்கள்.

இதனால் படத்தின் தரம் கூடுமா? கூடாது. 2018இல் வந்த கேனான் 1500டி என்ற டிஎஸ்எல்ஆரில் 24.1 மெகாபிக்சல். 2023இல் வந்த கேனான் ஆர்50 என்ற மிரர்லெஸ்ஸில் 24.2 மெகாபிக்சல். இரண்டிலும் ஏபிஎஸ்-சி எனப்படும் ஒரே அளவு சென்சர். நல்ல வெளிச்சத்தில், சமமான லென்ஸில், ஃபோகஸ் சரியாக விழுந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம்.

வித்தியாசம் கையில் எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் தெரியும். முதலாவது ஃபோகஸ். 1500டியில் 9 ஃபோகஸ் புள்ளிகள், எல்லாம் நடுப்பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு. நிகான் டி3500இல் 11. ஓடி வரும் குழந்தையின் முகம் ஓரத்துக்குப் போனால் அங்கே புள்ளியே இருக்காது. ஆர்50 போன்றவை ஃபிரேமின் பெரும்பகுதியில் ஃபோகஸ் செய்யும். கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும்.

இரண்டாவது வியூஃபைண்டர். டிஎஸ்எல்ஆரில் தெரிவது நிஜக் காட்சி. படம் வெளுத்துப்போகுமா, இருட்டடிக்குமா என்பது எடுத்த பிறகே தெரியும். மிரர்லெஸ்ஸில் எடுப்பதற்கு முன்பே தெரியும். ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றினால் கண்ணெதிரே காட்சி பிரகாசமாகிறது. கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய வசதி.

மூன்றாவது எடையும் பேட்டரியும். 1500டி பாடி பேட்டரியோடு 475 கிராம், கூட வரும் 18-55 லென்ஸ் சுமார் 200 கிராம். ஆர்50 பாடி 375 கிராம், அதன் 18-45 லென்ஸ் 130 கிராம். காலை நேரத்து பீச் ரயிலில் தோளில் தொங்கும்போதும் குமரன்குன்றம் படி ஏறும்போதும் இந்த 170 கிராம் தெரியும். பேட்டரியில் நிலைமை தலைகீழ். நிறுவனங்கள் தரும் கணக்கின்படி டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் எடுக்கும், கேனான் 200டி மார்க் 2 1,070 எடுக்கும். ஆர்50இல் திரையைப் பார்த்து எடுத்தால் ஏறத்தாழ 370தான். மிரர்லெஸ் வாங்குகிறவர் இன்னொரு பேட்டரிக்கும் அன்றைக்கே பணம் ஒதுக்க வேண்டும்.

நீங்கள் வாங்குவது மவுண்ட்

பாடி நான்கைந்து வருடத்தில் பழசாகிவிடும். லென்ஸ் பதினைந்து வருடம் உழைக்கும். எந்த லென்ஸ் பொருந்தும் என்பதை முடிவு செய்வது பாடியின் வாயில் இருக்கும் உலோக வளையம், அதாவது மவுண்ட். முதல் கேமராவோடு நீங்கள் உண்மையில் கட்டுப்படுவது அதற்குத்தான்.

டிஎஸ்எல்ஆர் மவுண்ட்கள் நீண்ட வரலாறு உள்ளவை. நிகானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. கேனானின் இஎஃப் 1987இல். இரண்டு நிறுவனங்களும் 2018இல் ஆர்எஃப், இசட் என்று மிரர்லெஸ்ஸுக்கான புது மவுண்ட்களைக் கொண்டுவந்தன. 2020க்குப் பிறகு இரண்டும் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் வெளியிடவில்லை. சோனி தன் டிஎஸ்எல்ஆர் வரிசையை 2021இல் முடித்துக்கொண்டது. புதிய லென்ஸ்கள் எல்லாம் மிரர்லெஸ்ஸுக்கே வருகின்றன.

ஆகவே இன்று ஷோரூமில் 1500டி வாங்குபவர், தயாரித்த நிறுவனமே கைகழுவிவிட்ட வரிசையின் கடைசிப் பெட்டிக்குப் புது விலை கொடுக்கிறார். அதே கேமரா, அதே தரம், செகண்ட் ஹேண்டில் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. பலர் மொபைலுக்கும் மிரர்லெஸ்ஸுக்கும் மாறி, டிஎஸ்எல்ஆரை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல லென்ஸ் வாங்கிவிடலாம்.

பழைய லென்ஸ் வீணாகாது என்பது நல்ல செய்தி. இஎஃப்பில் மவுண்ட் வளையத்திலிருந்து சென்சருக்கு 44 மி.மீ. தூரம். ஆர்எஃப்பில் 20 மி.மீ. நடுவே 24 மி.மீ. தடிமனில் ஒரு அடாப்டரைப் போட்டால் பழைய இஎஃப் லென்ஸ் புதிய பாடியில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். தலைகீழாக முடியாது, ஆர்எஃப் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட வழியில்லை. நிகானில் இன்னொரு கண்ணி உண்டு. டி3500 போன்ற ஆரம்பநிலை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 'ஏஎஃப்-டி' வகைப் பழைய லென்ஸ்கள் மாட்டும், ஆனால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். எஃப் லென்ஸை இசட் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் இதே கதைதான். 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முதலில் சொன்ன விதிவிலக்குகளுக்கு வருவோம். ஒன்று, நீங்கள் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள், அந்த அண்ணனிடம் இஎஃப் லென்ஸ் அரை டஜன் இருக்கிறது, கேட்டால் தருவார். அப்போது அவர் வைத்திருக்கும் மவுண்டே உங்கள் மவுண்ட். இரண்டு, கடைக்காரர் பழைய ஸ்டாக்கைக் கழிக்க, செகண்ட் ஹேண்ட் விலையை ஒட்டி, பில்லும் வாரண்டியுமாகத் தருகிறார். தாராளமாக வாங்கலாம்.

எங்கே, எதை எடுக்கப் போகிறீர்கள்?

*வீடும் குழந்தையும்.* இங்கே மிரர்லெஸ்ஸுக்குப் போட்டியே இல்லை. கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸ், திருப்பிக்கொள்ளும் தொடுதிரை, மொபைலுக்குப் படம் அனுப்பும் வசதி. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுக்க, பாடியோடு வரும் கிட் லென்ஸ் போதாது, எஃப்/1.8 திறப்புள்ள 50 மி.மீ. அல்லது 35 மி.மீ. லென்ஸ் ஒன்று வேண்டும்.

*பறவைகள்.* பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் 200 அடி ரேடியல் ரோடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கடந்து போகிறது. வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. நவம்பர் முதல் மார்ச் வரை இரண்டு இடத்திலும் நல்ல பருவம். கூழைக்கடாவும் நாரையும் ஓரளவு கிட்டத்தில் கிடைக்கலாம். பூநாரைக் கூட்டம் எட்டத்தில்தான் நிற்கும். இங்கே பாடியைவிட லென்ஸின் நீளம்தான் முக்கியம்.

கேனானின் பழைய 55-250 எஸ்டிஎம் லென்ஸ் டிஎஸ்எல்ஆரில், ஃபிலிம் கேமராக் கணக்கில் 400 மி.மீ.க்குச் சமமான நெருக்கம் தரும். ஆர்50க்கென்று வந்த 55-210 லென்ஸ் 270 கிராம்தான். ஆனால் 336 மி.மீ.க்குச் சமமானதோடு நின்றுவிடும். நீட்டிய நிலையில் திறப்பும் எஃப்/7.1 ஆகக் குறுகிவிடும். பழையதில் எஃப்/5.6. விடியற்காலை வெளிச்சத்தில் இந்த வேறுபாடு ஐஎஸ்ஓவில் தெரியும். அதனால் செலவு குறைந்த பறவைக் கருவி என்று பார்த்தால் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரும் 55-250ம்தான். நிகான்காரருக்கு ஏஎஃப்-பி 70-300. இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், அதே 55-250ஐ அடாப்டர் போட்டு ஆர்50இல் மாட்டுங்கள். 1500டி நொடிக்கு 3 படம் எடுக்கும் இடத்தில் ஆர்50 12 எடுக்கும். பறவையின் கண்ணையும் அதுவே தேடிக்கொள்ளும். புது பாடி, பழைய லென்ஸ் என்ற இந்தக் கூட்டணி பலருக்கும் தோன்றுவதில்லை.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போவதென்றால், அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்காதீர்கள். விலங்குகள் மேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பக்கமும் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பக்கமும் டெலி லென்ஸை நீட்டவே வேண்டாம்.

*கல்யாண மண்டபம்.* இன்றைய மண்டபங்களில் மேடை, தூண், பூ அலங்காரம் எல்லாவற்றிலும் எல்இடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடிகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு எடுத்தால், மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் குறுக்குக் குறுக்காக நிழல் பட்டைகள் விழலாம். கேமராவில் கோளாறு என்று பதற வேண்டாம். மெக்கானிக்கல் ஷட்டருக்கோ எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்கோ மாறி, வேகத்தை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். வீடியோவில் 'பால்' (PAL) முறை, நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50.

மண்டபத்துக்குப் போகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடு முனையைக் கேனான் எடுத்துவிட்டது. விலை குறைந்த சிங்கிள் பின் ஃபிளாஷும் ட்ரிக்கரும் இவற்றில் எரியாது. 700டி, 750டி போன்ற சற்று முந்தைய பாடிகளில் அந்த முனை இருக்கிறது. உங்களிடம் ஃபிளாஷ் இருந்தால் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

*யூடியூப், ரீல்ஸ்.* 1500டியிலும் டி3500இலும் தனி மைக் செருகும் துளையே கிடையாது. வீடியோ எடுக்கும்போது 1500டியின் ஃபோகஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும். தாளிக்கும் சத்தத்துக்கு நடுவே அம்மா பேசுவது கேட்க வேண்டுமென்றால் மைக் அவசியம். எனவே மிரர்லெஸ். டிஎஸ்எல்ஆரிலேயே ஆக வேண்டும் என்பவருக்கு 200டி மார்க் 2 ஒன்று உண்டு. மைக் துளை, திரும்பும் திரை, லைவ் வியூவில் நல்ல ஃபோகஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. 4கே வேண்டாம், ஃபுல் எச்டி போதும் என்றால் அது நன்றாகவே உழைக்கும்.

மிரர்லெஸ் என்ற பெயர் மட்டும் போதாது

மேலே மிரர்லெஸ்ஸுக்குச் சொன்ன சிறப்புகள் எல்லாம் எல்லா மிரர்லெஸ்ஸிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கேனான் ஆர்100 விலை குறைந்தது. அதன் திரை திரும்பாது. தொட்டாலும் வேலை செய்யாது. மனிதர் முகத்தையும் கண்ணையும் அறியும். பறவையையும் நாய் பூனையையும் தேடாது. 4கே எடுத்தால் காட்சி வெட்டுப்பட்டு, ஃபோகஸும் மந்தமாகும். அசையாத பொருள்களையும் குடும்பப் படங்களையும் எடுப்பவருக்கு அது போதும். அதற்கு மேல் ஆசை இருந்தால் ஆர்50க்குப் பணம் சேரும்வரை பொறுத்திருங்கள்.

சோனி இசட்வி-ஈ10, நிகான் இசட்30 இரண்டும் வீடியோக்காரருக்காகச் செய்தவை. இரண்டிலும் வியூஃபைண்டரே கிடையாது. மத்தியான வெயிலில் மெரினாவிலோ மகாபலிபுரத்திலோ நின்றால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். மறுபக்கம், சோனியின் இ மவுண்ட் 2010 முதல் இருப்பதால் சிக்மா, டாம்ரான் போன்ற நிறுவனங்களின் லென்ஸ்கள் அதற்கு ஏராளம். செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கும்.

இந்த விலை மட்டத்தில் விற்கும் ஆர்50, ஆர்100, இசட்வி-ஈ10, இசட்30, சோனி ஏ6400 எதிலும் பாடிக்குள் அதிர்வைத் தடுக்கும் வசதி இல்லை. லென்ஸில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கேனானில் 'ஐஎஸ்', நிகானில் 'விஆர்', சோனியில் 'ஓஎஸ்எஸ்' என்று எழுதியிருக்கும்.

பணத்தைப் பிரிக்கும் கணக்கு

விலைகள் பண்டிகைக்குப் பண்டிகை மாறுவதால் மாடல்வாரியாக எழுதிப் பயனில்லை. விகிதம் மாறாது. மொத்தத் தொகையில் பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் 70 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். இரண்டாவது லென்ஸுக்கு 20. மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, பை, ஈரம் புகாத பெட்டி ஆகியவற்றுக்கு 10. கையில் 60,000 ரூபாய் இருந்தால் பாடியும் கிட்டும் 42,000க்குள், இன்னொரு லென்ஸ் 12,000க்குள், சில்லறைச் சாமான்கள் 6,000. நீங்கள் விரும்பும் மிரர்லெஸ் அந்த 42,000க்குள் அடங்கவில்லையா? செகண்ட் ஹேண்ட் பக்கம் திரும்புங்கள், அல்லது லென்ஸை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். கடன் வாங்கி பாடியை மட்டும் பெரிதாக எடுக்காதீர்கள்.

கேமராவுக்கு ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த வரியைத் தவிர்க்கச் சில கடைகளில் இப்படி ஒரு பேச்சு வரும்:

"பில் வேணாம்னா கொஞ்சம் கம்மி பண்ணித் தரேன் தம்பி."

"பரவாயில்லைண்ணா, பில்லோடவே குடுங்க."

இந்தப் பதிலை மாற்றாதீர்கள். பில் இல்லாத பெட்டி, வெளிநாட்டிலிருந்து முறையின்றி வந்ததாகவும் இருக்கலாம். அதற்கு இங்கே வாரண்டி கிடைக்காது. பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் பாடியின் அடியில் இருப்பதும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஃபிலிம் கேமரா வாங்கி ஷோகேஸில் வைக்கலாம். டிஜிட்டல் பாடியை மட்டும் பில்லும் விற்பவரின் அடையாளமும் இல்லாமல் வாங்க வேண்டாம். திருட்டுப் பொருளாக இருந்தால் தலைவலி உங்களுக்குத்தான். தெரிந்தவரிடமோ கடையிலோ வாங்கினாலும் பகல் வெளிச்சத்தில் இவற்றைச் சோதியுங்கள்:

1. லென்ஸைக் கழற்றி, மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல வெண்மையாகக் கிளைத்திருந்தால் அது பூஞ்சை. விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.

2. திறப்பை எஃப்/16இல் வைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்குங்கள். கறுப்புப் புள்ளிகள் தூசி, துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாத கோடு கீறல்.

3. ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று பாருங்கள். நிகானில் ஜேபெக் படத்தின் விவரங்களிலேயே அந்த எண் இருக்கும். இணையத்தில் ஏற்றியும் பார்க்கலாம். கேனானுக்குத் தனி மென்பொருள் வேண்டும். டி3500இன் ஷட்டர் 1 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. 30,000க்குள் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம்.

4. பேட்டரி வீங்கியிருக்கிறதா, சார்ஜர் அசலா, எல்லா பட்டனும் சக்கரமும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

5. ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, மூன்றடியில் நின்று, லென்ஸை முழுவதும் திறந்து எடுங்கள். நடுவில் எழுத்து மங்கலாக விழுந்தால் ஃபோகஸ் தள்ளி விழுகிறது. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரில் இதை நாமே சரிசெய்யும் மெனு கிடையாது. சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இந்தப் பக்கத்தில் கேமராவுக்கு முதல் எதிரி ஈரம். சென்னைக் காற்றில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல்தான். பீரோவுக்குள் துணியோடு வைத்த லென்ஸில் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடிக்கலாம். டிஎஸ்எல்ஆர் என்றாலும் மிரர்லெஸ் என்றாலும் இது பொது.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிகா ஜெல் பைகள், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் சரி. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் நீர் படியும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள்.

மிரர்லெஸ்காரர் லென்ஸ் மாற்றும்போது கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் சென்சருக்கு முன் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் இருக்கும். ஆரம்பநிலை மிரர்லெஸ்ஸில் பெரும்பாலும் சென்சர் திறந்தே கிடக்கும். ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்தில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். பாடியின் வாயைத் தரையைப் பார்த்துப் பிடித்து, சட்டென்று மாற்றிவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன்

குழந்தை, குடும்பம், வீடியோ முதலில் வந்தால் ஆர்50 அளவிலான மிரர்லெஸ். பறவை முதலில், பணம் குறைவு என்றால் பழைய டிஎஸ்எல்ஆரும் நீள லென்ஸும். மண்டப வேலை என்றால் நீங்கள் உதவியாளராக இருக்கும் அண்ணனின் மவுண்ட். கற்றுக்கொள்வது மட்டுமே நோக்கம் என்றால் பழைய டிஎஸ்எல்ஆரும் ஒரு எஃப்/1.8 லென்ஸும்.

இதில் எது நீங்கள் என்று தெரிந்த பிறகும் உடனே பணம் கட்ட வேண்டாம். சொந்த மெமரி கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டெமோ பாடியில் அதைப் போட்டு, கடைக்குள் நடமாடும் ஆட்களையும் வாசலில் போகும் பஸ்ஸையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் கையில் பிடி உட்காருகிறதா, கண்ணாடி அணிபவரென்றால் வியூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிய திரையில் போட்டு வீட்டாரிடமும் காட்டுங்கள். மறுநாளும் அதே கேமராதான் வேண்டும் என்று தோன்றினால் போய்ப் பணம் கட்டுங்கள்.